காட்டைக் காக்கும் செலவு யாருடையது?

ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க எவ்வளவு நீர் வேண்டும் தெரியுமா? ஏறத்தாழ 35 லிட்டர்! 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த புகழ்பெற்ற தீர்ப்பு ஒன்றில் இந்தக் கணக்கு இடம்பெற்றுள்ளது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விசாரம் என்று பாலாற்றங்கரை நெடுகிலும் தோல் தொழிற்சாலைகள் உள்ளன. அவை அத்தனைக்கும் நீர் எங்கிருந்து வருகிறது?

'பாலாற்றிலிருந்து' என்று விடை சொல்லத் தோன்றும். ஆனால் பாலாற்றை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆண்டின் பெரும்பகுதியில் அங்கே கண்ணுக்குத் தெரிவது மணல்தான். ஆறு மணலுக்கு அடியில் ஓடுகிறது. அந்த அடிநீருக்கு ஊட்டம் தருபவை சுற்றிலும் உள்ள மலைகள். தெற்கே ஏலகிரி, தென்கிழக்கே ஜவ்வாது மலை, வடக்கே ஆந்திர எல்லையைத் தொட்டு நிற்கும் பேரணாம்பட்டு, குடியாத்தம் காடுகள். ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு பாலாற்றில் கலக்கிறது. ஆந்திரக் காட்டிலிருந்து வரும் கவுண்டன்ய ஆறு மோர்தானா அணையை நிரப்பி, குடியாத்தம் வழியாகப் பாலாற்றை அடைகிறது.

இந்த மலைக்காடுகளைக் காப்பதற்கு யார் பணம் தருகிறார்கள்? யார் தரவேண்டும்? அந்தக் காட்டில் நடந்து பார்க்கும் உரிமை யாருக்கு உண்டு? இக்கேள்விகளை இங்கே ஆராய்வோம்.

தோலும் மரப்பட்டையும்

தோல் தொழிலுக்கும் காட்டுக்கும் உள்ள உறவு நீரோடு முடிவதில்லை. பச்சைத் தோல் அழுகும். பதனிட்ட தோல் அழுகாது. காரணம் என்ன? தோலில் 'கொல்லாஜன்' என்னும் புரத இழைகள் உள்ளன. மரப்பட்டைகளிலும் காய்களிலும் இருக்கும் துவர்ப்புப் பொருளான 'டானின்' இந்த இழைகளோடு பிணைந்து, அழுகச் செய்யும் நுண்ணுயிர்களிடமிருந்து அவற்றைக் காக்கிறது. நம் நாட்டுப் பதனிடுவோர் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தியவை ஆவாரம்பட்டையும் கொன்றைப்பட்டையும் கடுக்காயும்தான். ஆவாரை மேட்டு நிலங்களில் வளர்வது. கடுக்காய் மலைக்காட்டில் விளைவது. ஆக, தோல் தொழிலின் முதல் மருந்துக்கடை காடுதான்.

பட்டை கொண்டு பதனிட வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பு கொண்டு பதனிட்டால் வேலை மிக விரைவில் முடிந்துவிடும். 1970-களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்து, முழுதும் முடித்த தோலை ஊக்குவித்தது. அதன்பின் குரோமிய முறை பெருகியது. தொழில் வளர்ந்தது, வேலைவாய்ப்பும் வளர்ந்தது. இன்று ஆம்பூரின் காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களில் பெண்களே மிகுதி. ஆனால் காடு தந்த நீரில் குரோமியமும், அதைவிட அதிக அளவில் உப்பும் கலந்து ஆற்றுக்குச் சென்றன. பச்சைத் தோல் கெடாதிருக்க முதலில் போடுவது சோற்றுப்புதான். நீரில் ஒருமுறை கரைந்த உப்பைப் பிரித்தெடுப்பது எளிதன்று. வடிகட்டினாலும் போகாது, கிருமிகளை விட்டுத் தின்னச் செய்தாலும் குறையாது.

கெட்ட பிறகு ஆகும் செலவு

1996 ஆகஸ்டு 28 அன்று வந்த தீர்ப்பு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் அளிக்கப்பட்டதாகும். தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்று ஓர் ஆய்வு கூறியதை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. 'மாசுபடுத்துபவரே செலவை ஏற்கவேண்டும்' என்ற கோட்பாட்டையும், 'தீங்கு வருமுன் காக்கவேண்டும்' என்ற கோட்பாட்டையும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அறிவித்தது. வழக்கில் அடங்கிய மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு கணக்கிடத் தனி ஆணையம் அமைக்கச் சொன்னது.

இது நடந்து ஏறத்தாழ 28 ஆண்டுகளுக்குப் பின், 2025 ஜனவரி 30 அன்று, அதே பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு அளிக்க நேர்ந்தது. பாதிக்கப்பட்டோருக்கு உரிய இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துவிட்டு, பின்னர் மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று அது ஆணையிட்டது.

இடைப்பட்ட காலத்தில் பொதுப்பணம் எங்கெல்லாம் சென்றது என்று பாருங்கள். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையங்களுக்கு மத்திய, மாநில அரசுகள் மானியம் அளித்தன. பாலாற்றங்கரை ஊர்களுக்குக் குடிநீர் கொண்டுவர, மேட்டூர்ப் பக்கத்துக் காவிரியிலிருந்து குழாய் பதிக்க வேண்டியதாயிற்று. அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவு. ஆற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறோர் ஆற்றின் நீரைக் குடிப்பதற்குக் கொடுத்த விலை இது!

காடு நீரைச் சேர்ப்பது எப்படி?

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இருபுறமும் திறந்த ஒரு தகர டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுத் திடலில் இரண்டு அங்குலம் மண்ணுக்குள் இறங்குமாறு அதை அழுத்துங்கள். உள்ளே அரை லிட்டர் நீர் ஊற்றி, அது மண்ணுக்குள் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறியுங்கள். பிறகு, சருகு மூடிய மரத்தடியில் அதே சோதனையைச் செய்யுங்கள். பெரும்பாலும் மரத்தடியில் நீர் மிக விரைவாக இறங்கிவிடும்.

காரணம் எளிது. மழைத்துளி நேராக மண்ணைத் தாக்காமல் இலைகள் அதன் வேகத்தைக் குறைக்கின்றன. சருகு மெத்தை நீரைத் தேக்கி மெல்ல விடுகிறது. வேர்களும் மண்புழுக்களும் கறையான்களும் மண்ணில் எண்ணற்ற துளைகளை இடுகின்றன. அவற்றின் வழியே இறங்கும் நீர், பாறையின் வெடிப்புகளில் தங்கி, பல மாதங்கள் கழித்துச் சுனையாகவும் ஓடையாகவும் வெளிவருகிறது. மொட்டை மலையிலோ நீர் ஒரே நாளில் மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடிவிடும்.

மரங்களும் நீரைக் குடிக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் வடகிழக்குப் பருவமழையின் சில நாள் நீரைக் கோடை வரை சேர்த்துத் தருவது நல்ல மண்ணுள்ள காடே. அந்தக் காடு நிலைக்க விலங்குகள் வேண்டும். கரடி இலந்தையையும் நாவலையும் தின்று விதைகளைப் பல இடங்களில் இடுகிறது. யானை இதையே இன்னும் பெரிய அளவில் செய்கிறது. எனவே, காட்டையும் விலங்கையும் பிரித்துக் காக்க முடியாது.

யானைக்கு எல்லைக்கோடு தெரியாது

ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாக யானை இல்லாதிருந்த ஆந்திரத்தின் சித்தூர்க் காடுகளுக்கு 1980-களில் தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் யானைகள் சென்று சேர்ந்தன. அவற்றுக்காகவே 1990-இல் அங்கே கவுண்டன்யா சரணாலயம் அமைக்கப்பட்டது. அந்தக் காட்டின் தொடர்ச்சிதான் நம் பேரணாம்பட்டு, குடியாத்தம் காடுகள். யானைகள் எல்லை கடந்து வருகின்றன; மாந்தோப்பையும் நெல்வயலையும் மிதிக்கின்றன. இரவெல்லாம் பரண்மேல் கண்விழிக்கும் உழவர், 'யாருக்காக இந்த யானையைக் காக்கிறீர்கள்?' என்று கேட்டால் அது நியாயமான கேள்வியே. யானை நாட்டுக்கே உரியது என்றால், அதனால் வரும் இழப்பை ஓர் உழவர் மட்டும் ஏன் சுமக்கவேண்டும்? பயிருக்கான இழப்பீடு காலத்தில் கைக்கு வருவதும் காட்டைக் காக்கும் செலவில் ஒரு பகுதிதான்.

பணம் வரும் வழிகள்

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. 1976-இல் அரசியல் சட்டத்தின் 42-ஆவது திருத்தம் காடுகளையும் வனவிலங்குகளையும் மத்திய, மாநில அரசுகளின் பொதுப் பட்டியலில் சேர்த்தது. அதனால் இன்று காட்டுக்கான பணம் பல வாய்க்கால்களில் வருகிறது. முதலாவது, மாநில அரசின் வரவுசெலவுத் திட்டம். இரண்டாவது, மத்திய அரசின் வாழிடப் பாதுகாப்புத் திட்டங்கள். மூன்றாவது, ஈடுசெய் காடு வளர்ப்பு நிதி. அணைக்கோ சுரங்கத்துக்கோ காட்டு நிலத்தை எடுப்பவர்கள் கட்டும் பணம் இது. 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி இதில் 90 விழுக்காடு மாநிலத்துக்குச் சேரும். நான்காவது, ஜப்பானியக் கடனுதவியுடன் 1997 முதல் தமிழ்நாட்டில் நடந்த காடு வளர்ப்புத் திட்டங்கள். ஊரக வேலை உறுதித் திட்டப் பணமும் இதற்கு உதவியிருக்கிறது. ஜவ்வாது மலையில் பிறக்கும் நாகநதியின் படுகையில் வேலூர் மாவட்டப் பெண்கள் நீர் உறிஞ்சும் கிணறுகளை வெட்டியது அப்பணத்தில்தான்.

வாய்க்கால் பல இருந்தாலும் எல்லா வயலுக்கும் நீர் சமமாகப் பாய்வதில்லை. புலி உள்ள இடம் நாட்டின் கண்ணில் படுகிறது. வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் புலிகள் காப்பகம் ஏதும் இல்லை. இருப்பவை காப்புக் காடுகள். அங்கே கரடியும் புள்ளிமானும் மயிலும் வாழ்ந்தாலும், அவை செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வருவதில்லை. தீத்தடுப்புக் கோடு வெட்டவும், உண்ணிச்செடியை அகற்றவும், வேட்டைத் தடுப்புக் காவலருக்குச் சம்பளம் கொடுக்கவும் ஆண்டுதோறும் தவறாமல் பணம் வேண்டும். ஓராண்டு மரம் நட்டுவிட்டு மறு ஆண்டு மறந்துபோவது காடு வளர்ப்பாகாது.

அமெரிக்காவின் நியூயார்க் நகரம் இங்கே நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. அந்நகருக்குக் குடிநீர் தருவது கேட்ஸ்கில் மலைப்பகுதி. பல நூறு கோடி டாலர் செலவில் வடிகட்டும் நிலையம் கட்டுவதா, அல்லது மலையையே காப்பதா என்ற கேள்வி எழுந்தது. 1997-இல் மலைவாழ் மக்களுடனும் அரசுடனும் நகரம் ஓர் உடன்பாடு செய்துகொண்டது. நிலம் வாங்கவும், உழவர்கள் ஓடையில் கழிவு சேராமல் தொழில் நடத்தவும் நகரமே பணம் தந்தது. அது வடிகட்டும் நிலையத்தைவிட மிகக் குறைந்த செலவே. கீழே நீர் குடிப்பவர், மேலே காடு காப்பவருக்குக் கொடுக்கும் கூலி என்று இதைச் சொல்லலாம். பாலாற்றங்கரையில் இதைச் செய்யக்கூடாதா? நீரால் வாழும் தொழிலும் நகராட்சிகளும் நீர் பிறக்கும் மலைக்கு ஒரு பங்கு கொடுப்பது தருமம் அன்று, கொள்முதல் விலை.

நடந்து பார்க்கும் உரிமை

பொதுப்பணத்தில் காக்கும் காட்டைப் பொதுமக்கள் பார்க்க வேண்டாமா? வேண்டும். ஆனால் கண்டபடி நுழைய முடியாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றப் பயணிகள் உயிரிழந்ததை நாம் மறக்கக்கூடாது. அதன்பின் அதே ஆண்டில் மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளை முறைப்படி அறிமுகம் செய்தது. இணையத்தில் பதிவு, கட்டணம், பயிற்சி பெற்ற வழிகாட்டி, தீப்பருவத்தில் மூடுதல் என்பவை அதன் ஏற்பாடுகள். ஏலகிரியின் சுவாமிமலையும் ஜலகாம்பாறையும் அந்தப் பட்டியலில் உண்டு.

டப்பாச் சோதனையை நினைவுகொள்ளுங்கள். ஆயிரம் பேர் நடந்த பாதையில் மண் இறுகி, விளையாட்டுத் திடலைப்போல் ஆகிவிடும். நீர் இறங்காது, பாதையே ஓடையாகி மண்ணை அரிக்கும். ஆகவே பாதை ஒன்றாக இருக்கவேண்டும், குறுக்குவழி கூடாது, நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் வேண்டும். கட்டணம் இதற்கு உதவுகிறது. மலைவாழ் இளைஞர்கள் வழிகாட்டிகளாக வேலை பெறுகிறார்கள். சாமை விதைத்து, தேனும் புளியும் சேகரித்து வாழும் ஜவ்வாது மலை மக்களுக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அந்த மண்ணில் உரிமை தந்துள்ளது. காட்டைப் பார்க்க வருபவர் தரும் காசில் முதல் பங்கு அவர்களுக்குச் செல்வதே முறை.

ஆனால் ஒன்று. ஆம்பூரில் காலணித் தைக்கும் தாயின் மகள், ஒவ்வொரு நாளும் பள்ளி வாசலிலிருந்து அந்த மலையைப் பார்க்கிறாள். கட்டணம் அவள் வீட்டுக்கு எட்டாவிட்டால், அவள் வாழ்நாள் முழுதும் மலையைத் தூரத்திலிருந்தே பார்ப்பாள். அவள் தாய் வாங்கும் ஒவ்வொரு பொருளின் வரியிலும் அந்தக் காட்டுக்கான பணம் இருக்கிறது. எனவே, ஆண்டுக்கு ஒருமுறையேனும் அரசுப் பள்ளி மாணவர்களைக் கட்டணமின்றி, வழிகாட்டியுடன் காட்டுக்குள் அழைத்துச் செல்வதையும் காட்டுச் செலவாகவே கணக்கிட வேண்டும். வேலூர் மாணவர்களுக்கு அருகிலேயே ஜவ்வாது மலையடிவாரத்தில் அமிர்தி இருக்கிறது. 1967-இல் அமைந்த சிறு விலங்குப் பூங்காவும் அருவியும் அங்கே உள்ளன. தொடங்க நல்ல இடம் அது.

அடுத்த முறை அங்கே போகும்போது தகர டப்பாவை எடுத்துச் செல்லுங்கள். வனத்துறையினரிடம் அனுமதி பெற்று, பாதையில் ஒன்றும் பாதையோரத்தில் ஒன்றுமாக அளந்து பாருங்கள். இரண்டு எண்களையும் உங்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். காட்டைக் காக்கும் செலவு யாருடையது என்று பின்னாளில் எவரேனும் கேட்டால், விடை சொல்ல அந்த இரண்டு எண்களிலிருந்து தொடங்கலாம்.