ஜாக்கிக்கு டன்னைவிட உயரமே முக்கியம்

ஜாக்கி வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது ‘எத்தனை டன் தாங்கும்?’ என்பதைத்தான். மணல், ஆற்றுப்படுகை, காட்டுப்பாதை என்று வண்டியை இறக்குகிறவருக்கு அந்தக் கேள்வியால் பெரிய பயனில்லை. இந்தியாவில் 2023இல் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னியையே பாருங்கள். வெறும் வண்டி ஏறத்தாழ 1,200 கிலோ; ஆளும் சாமானும் ஏறினால் ஒன்றரை டன். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கும்போது ஜாக்கியின்மேல் விழுவது 400 கிலோவுக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். 2 டன் பாட்டில் ஜாக்கியே அதைப்போல நான்கைந்து மடங்கு தாங்கும். 5 டன், 10 டன் என்று போனால் ஜாக்கியின் எடையும் அடங்கிய உயரமும் கூடுவதுதான் மிச்சம்.

உண்மையான சிக்கல் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. ஜிம்னியின் 195/80 ஆர்15 டயரில் பக்கச்சுவர் மட்டும் 156 மி.மீ. காற்று முழுக்க இறங்கினால் சக்கரத்தின் மையம் 10 செ.மீ.க்கு மேல் தாழ்ந்துவிடும். கூடவே ஆக்சிலும் தாழும். தாழ்ந்த ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி நுழையவும் வேண்டும், காற்று நிரம்பிய ஸ்டெப்னி உள்ளே போகும் அளவுக்கு 13, 14 செ.மீ. ஏறவும் வேண்டும். சாதாரண பாட்டில் ஜாக்கியின் தண்டு பெரும்பாலும் அவ்வளவு ஏறாது. தலையிலுள்ள திருகை நீட்டி ஈடுகட்டலாம். ஆனால் நீட்டியபின் அது ஆக்சிலுக்கு அடியில் நுழையாமல் போகலாம். ஒரு தண்டுக்குள் இன்னொரு தண்டு வைத்த இரண்டடுக்கு ஜாக்கி குட்டையாக அடங்கி உயரமாக எழுவதால், பணத்தை டன்னில் போடாமல் இதில் போடுவதே சரி.

‘வண்டியோடு வந்த சிசர் ஜாக்கி போதாதா?’ என்று கேட்கலாம். தார்ச்சாலையில் போதும். ஆனால் பல வண்டிகளில் அது பாடியின் விளிம்பில் முட்டுக்கொடுப்பது. பாடியைத் தூக்கினால் முதலில் ஸ்பிரிங் விரியும். அது விரிந்து முடிந்த பிறகே சக்கரம் தரையை விடும். கரடுமுரடான இடங்களுக்கென்று செய்த வண்டிகளில் ஸ்பிரிங் நீளமாக விரியும் என்பதால் ஜாக்கியின் உயரத்தில் பெரும்பகுதி அதற்கே செலவாகும். ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ஒரே தண்டான ஆக்சில் என்பதால் நேராக அதையே தூக்கிவிடலாம். முன்சக்கரங்கள் தனித்தனியே அசையும் தார் போன்ற வண்டியில் முன்பக்கத்துக்கு இது பொருந்தாது. கையேடு காட்டும் இடத்தில்தான் வைக்க வேண்டும்.

அடுத்தது தரை. டயர் தரையை அழுத்துவது ஏறத்தாழ அதன் காற்றழுத்த அளவுக்கு, அதாவது சதுர செ.மீ.க்கு 2 கிலோ. பாட்டில் ஜாக்கியின் அடிப்பகுதி 10 செ.மீ. சதுரம் என்றால் 400 கிலோவுக்கு அது 4 கிலோவாகிறது. டயர் புதையாமல் நிற்கும் மண்ணில்கூட ஜாக்கி புதைவது இதனால்தான். அடியில் 30 செ.மீ. சதுரப் பலகை வைத்தால் அழுத்தம் அரை கிலோவுக்கும் கீழே இறங்கும். பலகையின் தடிமன் ஜாக்கிக்கான இடத்தைத் தின்றுவிடுமே என்பது நியாயமான கேள்வி. மணலாக இருந்தால் கொஞ்சம் தோண்டிப் பலகையைப் பதிக்கலாம். கெட்டித் தரையில், தட்டையான கல்லின்மீது பஞ்சரான சக்கரத்தை மெல்ல ஏற்றிவிட்டால் ஆக்சில் தானே உயரும்.

வெளிநாட்டுப் பயணிகள் கொண்டாடும் ஹை-லிஃப்ட் ஜாக்கியை இந்தத் தேர்வில் நான் சேர்க்கமாட்டேன். நான்கு அடி நீளம், 12, 13 கிலோ எடை. பிளாஸ்டிக் பம்பரில் அதற்குப் பிடிமானமும் இல்லை. கை நழுவினால் அதன் கைப்பிடி முகத்தில் அறையும் வேகம் பயங்கரமானது. புகைக்குழாய்க் காற்றால் உப்பும் பை மணலுக்கு அருமையானது, ஏனென்றால் அதன் பரப்பு மிகப் பெரிது. ஆனால் முள்ளும் கூர்க்கல்லும் அதற்கு எதிரி, வண்டியும் அதன்மேல் பக்கவாட்டில் ஆடும். கடற்கரையிலேயே சுற்றுகிறவர் இரண்டாவதாக அதை வைத்துக்கொள்ளலாம்.

பாட்டில் ஜாக்கிக்கும் குறையுண்டு. பம்ப் எண்ணெயில் மூழ்கியிருந்தால்தான் வேலை செய்யும். சாய்த்துவைத்து அடித்தால் காற்றை உறிஞ்சி ஏற மறுக்கலாம். ஆகவே தளம் மட்டமாக இருப்பது அவசியம். மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள், கழற்றிய சக்கரத்தைப் பாடிக்கு அடியில் படுக்கவையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

ஜாக்கி வாங்கியதும் வீட்டு வாசலில் ஒரு டயரின் காற்றை முழுக்க இறக்கி, பலகையோடு உள்ளே நுழைகிறதா, ஸ்டெப்னியை மாட்டும் உயரம் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் அன்றைக்கே கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.