எல்லைக்கரை – 7: காது உண்டு, வாய் இல்லை

பாறசாலையிலிருந்து கடற்கரைக்கு இறங்கினால் பொழியூர். நெய்யாற்றின்கரை வட்டத்தின் கடைசிக் கடற்கரை ஊர். அதை ஒட்டிக் கிழக்கே நீரோடி, அங்கிருந்து தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு இந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை அந்தப் பக்கமுமாகப் பிரிந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தக் கோடு மணலோடு நின்றுவிடவில்லை. 2017-ல் கடலில் தத்தளித்தவர்களின் பெயர்ப் பட்டியலையும் அது இரண்டாகக் கிழித்தது.

நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே இருந்த தாழ்வு மண்டலம், மறுநாள் காலையிலேயே குமரிக் கடலில் ஒக்கிப் புயலாகிவிட்டது. பூவாறு, பொழியூர், விழிஞம் பக்கத்து ஃபைபர் வள்ளங்கள் முந்தின நாளே தொழிலுக்குப் போயிருந்தன. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக்காரர்களின் விசைப்படகுகளோ தங்கல் தொழிலுக்காக நாள்கணக்கில் ஆழ்கடலில் கிடந்தன. கடலுக்குப் போகாதே என்ற எச்சரிக்கை கரையில் நிற்பவனுக்குத்தான். போய்விட்டவனை எப்படித் திருப்பிக் கூப்பிடுவது? அதற்கு அன்று யாரிடமும் வழி இருக்கவில்லை.

கைபேசிச் சிக்னல் கடலுக்குள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டினால் தேய்ந்துவிடும். அதற்கப்பால் பெரும்பாலான படகுக்காரருக்கு அப்போது இருந்தது வயர்லெஸ் செட் மட்டும். சுக்கானுக்கு மேலே பலகையில் முடுக்கியிருப்பார்கள். சுருள் வயரில் மைக் தொங்கும். எந்நேரமும் அதில் பேச்சுதான்: மீன் எங்கே விழுகிறது, நீரோட்டம் எப்படி, ஐஸ் மிச்சமிருக்கிறதா என்று. அந்த வி.எச்.எஃப். அலை நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவைத் தாண்டாது. ஐந்து மீட்டர் உயரத்தில் ஆண்டெனா உள்ள இரண்டு படகுகள் சுமார் 18 கிலோமீட்டர் வரைதான் பேசிக்கொள்ள முடியும். கரையில் 50 மீட்டர்க் கோபுரம் கட்டினாலும் 40 கிலோமீட்டரைத் தொடாது. சுறா தேடி லட்சத்தீவுக்கும் அப்பால் போகிறவர்களுக்கு இது எம்மாத்திரம்? ஒரு படகு கேட்டு அடுத்த படகுக்குச் சொல்லி, அது இன்னொன்றுக்குச் சொல்லித்தான் செய்தி நகரும். நடுவில் ஒரு படகு கவிழ்ந்தால் அதோடு அறுந்தது.

300 டன்னுக்கு மேற்பட்ட சர்வதேசக் கப்பல்களுக்கு அபாயத் தொடர்புக் கருவிகளைக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கை கட்டாயமாக்கியிருக்கிறது. 1912-ல் டைட்டானிக் மூழ்கியதிலிருந்து வளர்ந்துவந்த சட்டம் அது. பத்துப் பன்னிரண்டு பேர் உயிரைச் சுமக்கும் தூத்தூர்ப் படகு அந்தச் சட்டத்தின் கணக்கிலேயே வரவில்லை. சாட்டிலைட் போன் வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு அதற்கான கெடுபிடி இறுகியிருந்தது. துராயா, இரிடியம் போன்களைப் படகில் வைத்திருந்தாலே வழக்கு. அனுமதியுள்ள போன் அப்போது சாதாரணப் படகுக்காரர் கைக்கெட்டும் விலையில் இல்லை.

கரையிலும் நிலைமை அதேதான். குமரி மாவட்டம் முழுக்க மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. மின்சாரம் போனால் கைபேசிக் கோபுரம் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும், பிறகு டீசல் வேண்டும். ரப்பரும் தென்னையும் குறுக்கே விழுந்த சாலையில் டீசல் வண்டி எங்கே வரும்?

இந்த இடத்தில்தான் எல்லைக்கோடு குறுக்கே வந்தது. வீடு நீரோடியில், படகு புறப்பட்டது கொச்சித் துறைமுகத்திலிருந்து, கூடப் போன பங்காளி பொழியூர்க்காரர். இவர்களைத் தேட வேண்டியது எந்த அரசு? காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதிலேயே இரண்டு அரசுகளின் கணக்கும் ஊராரின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. கணக்கு தெரியாமல் எத்தனை கப்பலை எங்கே அனுப்புவது? டிசம்பர் 7-ல் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான மீனவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்ததற்குப் பின்னால் இந்தக் கோபமும் இருந்தது.

உண்மையான பட்டியல் தயாரானது ஆலய வளாகங்களில். அதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. தூத்தூர் வட்டாரப் பங்குகள் தமிழ்நாட்டில் இருந்தாலும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. அப்போது பேராயராக இருந்த சூசைபாக்கியமே மார்த்தாண்டன்துறையில் பிறந்தவர். 1956-ல் போட்ட கோடு பங்குகளைப் பிரிக்கவில்லை. அதனால் பொழியூரின் பெயரும் வள்ளவிளையின் பெயரும் ஒரே இடத்தில் சேர முடிந்தது. எந்தப் படகில் யார் யார் ஏறினார்கள் என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். மகாராஷ்டிரத்தின் தேவ்கட்டிலும் லட்சத்தீவிலும் கரையேறியவர்களிடமிருந்து அழைப்பு வரவர, பெயர்கள் ஒவ்வொன்றாக அடிக்கப்பட்டன. அடிக்கப்படாமலே நின்ற பெயர்களும் ஏராளம். நிவாரணத் தகவல்தொடர்பு என்றால் இயந்திரம் மட்டுமல்ல, இந்தப் பட்டியலும்தான் என்று நான் அழுத்திச் சொல்வேன். கோடி ரூபாய்க் கருவி வந்தாலும், யாரைக் கூப்பிடுவது என்று தெரியாவிட்டால் அது சும்மாதான் கிடக்கும்.

ஒக்கிக்குப் பிறகு கருவிகள் வந்தன. இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள் வழிச் செய்தி பெறும் கருவியைக் கேரள அரசு மீனவர்களுக்கு வழங்கியது. 2019 அக்டோபரில் ஹைதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் ‘ஜெமினி’ என்ற கருவியைக் கொண்டுவந்தது. புயல் எச்சரிக்கை நடுக்கடலுக்கே வந்து புளூடூத் வழியாகக் கைபேசியில் விழும். பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் இரண்டுமே ஒருவழிப் பாதை. “திரும்பி வா” என்று கேட்கும். “எஞ்சின் நின்றுபோச்சு, இன்ன இடத்தில் கிடக்கிறோம்” என்று அதில் சொல்ல முடியாது.

திரும்பிப் பேசும் வசதி எவ்வளவு பெரியது என்பதற்கு 2004 சுனாமியில் ஒரு சான்று இருக்கிறது. அமெச்சூர் வானொலிக்காரர் (ஹாம்) பாரதி பிரசாத், ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனக் குழுவோடு அந்த டிசம்பரில் போர்ட் பிளேரில் இருந்தார். உலகெங்கும் உள்ள ஹாம் நண்பர்களோடு பேசத்தான் போயிருந்தார். 26-ஆம் தேதி நிலம் குலுங்கித் தொலைபேசிகள் செத்ததும் அந்த நிலையமே அவசர நிலையமானது. அவர்கள் பயன்படுத்திய எச்.எஃப். அலை வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போகும். ஒரு டிரான்ஸ்ஸீவர், ஒரு கம்பி ஆண்டெனா, ஒரு பேட்டரி, அவற்றை இயக்கத் தெரிந்த ஆள். அந்தமானில் யார் உயிரோடிருக்கிறார்கள் என்று தாய்நிலத்துக்குச் சொல்ல இவ்வளவு போதுமாக இருந்தது. உரிமம் பெற்ற ஹாம் ஒருவராவது எல்லையோரக் கடற்கரைப் பங்கு ஒவ்வொன்றிலும் இருந்தால் என்ன? பள்ளிப் பிள்ளைகள்கூடத் தேர்வெழுதிப் பெறக்கூடிய உரிமம்தான் அது.

படகுகளுக்கும் விடிவு தெரிகிறது. இஸ்ரோவின் இரண்டாம் தலைமுறை அபாய அறிவிப்புக் கருவி 2024-ல் வந்தது. படகிலிருந்து அபாயச் செய்தி போனதும், கிடைத்துவிட்டது என்ற பதில் படகுக்கே வருகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் கடலோர மாநிலங்களின் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது.

இத்தனைக்கும் பிறகு என் கேள்வி ஒன்று பாக்கி. பொழியூர்க்காரர் ஏறிய நீரோடிப் படகிலிருந்து அபாயச் செய்தி கிளம்புகிறது. மீட்பு மையத்துக்கும் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து திருவனந்தபுரம் ஆட்சியருக்கா, கன்னியாகுமரி ஆட்சியருக்கா? இருவருக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும். அந்த இரண்டு ஊர்ப் பங்குகளுக்கும் அடுத்த நிமிடமே தெரிய வேண்டும். அதைச் சொல்லும் பொறுப்பு எந்த அலுவலருடையது என்று இரண்டு மாநிலங்களும் சேர்ந்து எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த பருவக்காற்றுக்கு முன்பே செய்யக்கூடிய வேலைதான் இது.