டை கட்டிக்கொண்டு போகாதீர்கள்!

ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கிப் பொடிநடையாகப் போனால் சேடைக் தெரு வரும். 63-ம் நம்பரில் தீப்பெட்டி சைஸில் ஒரு பார். உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தால், கூரையிலிருந்து தொங்குகிறது... கத்தரித்த கழுத்து டைகள்!

ஆபீஸுக்கு டை கட்டுகிற ஆசாமிகளே, பயப்படாதீர்கள். இது பெட் வான் பேரன் ஆரம்பித்த வழக்கம். (பெயரில் 'பேரன்' இருந்தாலும் அவர் பெண்மணி!) 1927-ல் மாமாவிடமிருந்து இந்தக் கடையை வாங்கினார். அம்மா தினமும் சின்னக் கூடையில் சாப்பாடு கொண்டுவருவாராம். டச்சு மொழியில் சின்னக் கூடைக்கு 'மாந்த்யே'. அதுவே கடைக்கும் பெயர்.

தோல் ஜாக்கெட், மோட்டார் சைக்கிள், பின்ஸீட்டில் காதலி. தனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும் என்பதை பெட் யாரிடமும் மறைக்கவில்லை. மாலுமிகள், விலைமாதர்கள், ஓவியர்கள் எல்லோரும் வருவார்கள். ஆணை விரும்பும் ஆண்களும், பெண்ணை விரும்பும் பெண்களும் கூச்சமில்லாமல் உட்கார அந்த ஊரில் கிடைத்த அபூர்வ இடம் அது. டையோடு வந்தால் மட்டும் 'கிறீச்'... கத்தரி!

ஆனால், முத்தம் கொடுக்கத் தடா. போட்டது பெட்டேதான்! லைசென்ஸ் போய்விடுமே? ஆண்-பெண் உறவுக்கு 16 வயது போதும், ஒரே பாலென்றால் 21 ஆகவேண்டும் என்று 1911-ல் வந்த சட்டம் 1971 வரை இருந்தது. போலீஸோ, சந்தேகமான ஆசாமியோ தலைகாட்டினால், பாரில் இருந்த ஆந்தை விளக்கு எரியும். உடனே எல்லோரும் பரம சாது! ராணியின் பிறந்தநாளில் மட்டும் பில்லியர்ட்ஸ் மேஜையைத் தள்ளிவிட்டு, ஜோடி ஜோடியாக நடனம்.

1967-ல் பெட் இறந்தபோது உடலைக் கிடத்தியதும் அதே மேஜையில்தான். தங்கை க்ரேட் கொஞ்ச காலம் நடத்தினார். தெருவில் ஹெராயின் கும்பல் பெருகவே 1982-ல் ஷட்டர் இறங்கியது. மறுபடி ஏறியது 2008-ல்.

இதற்கு நடுவில் ஊரே மாறிவிட்டது. 2001 ஏப்ரல் 1 நள்ளிரவில், மேயர் யோப் கோஹன் மூன்று ஆண் ஜோடிகளுக்கும் ஒரு பெண் ஜோடிக்கும் சட்டப்படி கல்யாணம் செய்துவைத்தார். உலகத்திலேயே முதல் தடவை! (தேதியைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், நிஜம்தான்.)

ராத்திரி ஆட்டம் போட நினைக்கும் இளவட்டங்கள் இப்போது போவது ரெகுலியர்ஸ்ட்வார்ஸ்ட்ராட் தெரு. ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்! பசித்தால் ஊர் முழுக்க பாரில் கிடைக்கும் 'பிட்டர்பாலன்'... குட்டி போண்டா மாதிரி, உள்ளே கொதிக்கக் கொதிக்கக் கறிக்குழம்பு. அவசரப்பட்டால் நாக்கு காலி.

பெட்டின் கடையில் இன்று முத்தத்துக்குத் தடையில்லை. டைக்கு மட்டும் நீங்களே பொறுப்பு.