மீற்றர் சொல்லாத கணக்கு: மோட்டார் சைக்கிளுக்குச் சேர்விஸ் எப்போது?

புதிய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கும்போது அதனுடன் சிறு கையேடு ஒன்றும் தரப்படுகின்றது. முதலாவது சேர்விஸ் ஆயிரம் கிலோமீற்றரில், அதன்பின் இத்தனை ஆயிரத்துக்கு ஒருமுறை என்று அதில் ஓர் அட்டவணை இருக்கும். பெரும்பாலானோர் அந்த எண்ணை மட்டும் மனதிற் கொள்கின்றனர். இத்தனை கிலோமீற்றர் அல்லது இத்தனை மாதம், இரண்டில் எது முந்துகின்றதோ அதுவே தவணை என்பதையும், கடும் நிலைமைகளில் ஓட்டுவோர் இன்னும் முன்னதாகவே செய்தல் வேண்டும் என்பதையும் வாசிப்போர் சிலரே.

கடும் நிலைமை என்றதும் பாலைவனமும் மலைப்பாதையுமே நினைவுக்கு வரும். மாலை தொடங்கி நள்ளிரவு வரை உணவுப் பொதிகளைக் காவிக்கொண்டு, சந்திக்குச் சந்தி நின்று நின்று ஓடும் ஸ்கூட்டரை எவரும் அவ்வகையிற் சேர்ப்பதில்லை. ஆனால் கணக்கைச் சற்றுப் பாருங்கள். திறந்த வீதியில் மணிக்குச் சராசரி 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி 3000 கிலோமீற்றரை 50 மணித்தியாலங்களில் முடித்துவிடும். நகர நெரிசலில் சராசரி வேகம் 15 கிலோமீற்றராயின் அதே தூரத்துக்கு 200 மணித்தியாலங்கள் செல்லும். மீற்றர் இரண்டுக்கும் ஒரே எண்ணையே காட்டும். உள்ளேயுள்ள ஒயிலோ நான்கு மடங்கு நேரம் வெந்திருக்கும். இவ்வாறு தொழில் செய்வோர் கையேட்டிலுள்ள தூரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது மிகையாகாது.

இதற்கு நேர் எதிரான இன்னொரு சாராரும் உளர். வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கோ கடைக்கோ இரண்டு கிலோமீற்றர் சென்று திரும்புபவர்கள். ஆண்டு முழுவதும் ஆயிரம் கிலோமீற்றர்கூட ஓடியிராது. 'ஓடவேயில்லை, பிறகெதற்குச் சேர்விஸ்?' என்பார்கள். இவர்களுடைய இயந்திரத்துக்கு நேர்வது என்னவென்பதை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்தை நினைவுகூர்ந்தாற் போதும்.

1990 ஜூனிற் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து வடபகுதி மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டபோது, தடுக்கப்பட்ட பொருள்களுள் பெற்றோலும் ஒன்றாயிற்று. போத்தற் கணக்கில் விற்கப்பட்ட பெற்றோல் துளிக் கணக்கிற் செலவிடப்பட்டது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு, உதைத்துக் கிளப்பி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெயிற் செல்வது அன்றைய வழக்கம். அந்த வெண்புகையும் மணமும் அக்காலத்தில் அங்கு வாழ்ந்த எவருக்கும் மறவா.

பெற்றோல் 40 பாகை செல்சியசுக்குக் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கத் தொடங்கும். மண்ணெண்ணெய்க்கு 150 பாகையளவு வேண்டும். ஆகவே அது முழுமையாக ஆவியாவதில்லை. எரியாது எஞ்சியது சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிற் படலத்தைக் கழுவிக்கொண்டு, பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே ஒயிலுடன் கலந்துவிடும். ஒயில் நீர்த்துப்போகும், அதன் மட்டமும் உயரும். ஒயில் குறைந்திருக்கக் கண்டால் எல்லோரும் அஞ்சுவர். ஊற்றாமலே கூடியிருக்கக் கண்டு மகிழ்பவரும் உண்டு. அஞ்ச வேண்டியது அங்கேதான்.

ஹொண்டா சீ-90 போன்ற சிறு வண்டிகளின் இயந்திரத்தில் ஒரு லீற்றருக்கும் குறைவான ஒயிலே இருக்கும். அதற்குள் சிறிதளவு மண்ணெண்ணெய் கலந்தாலும் போதும். கையேட்டின் கிலோமீற்றர்க் கணக்கு அங்கு பொருளற்றதாயிற்று. அளவுக்கம்பியை உருவி, இரு விரல்களுக்கிடையே ஒயிலைத் தேய்த்து, மணந்து பார்த்துத்தான் கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர் முடிவு சொல்ல முடியும். முந்தினால், எளிதிற் கிடையாத நல்ல ஒயில் வீண். பிந்தினால் இயந்திரம் வீண். உதிரிப்பாகமோ வவுனியாவுக்கு அப்பால். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவும் அந்த வண்டியே நம்பிக்கையாக இருந்த காலத்தில், சேர்விஸ் எப்போது என்பது சிறிய கேள்வியாக இருக்கவில்லை.

பாரிஸிலும் லண்டனிலும் பெற்றோலுக்குப் பஞ்சமில்லை. எனினும் குளிர்காலத்தில் இரண்டு கிலோமீற்றர் மட்டும் ஓடி நிறுத்தப்படும் வண்டிக்கு ஏறத்தாழ அதே நோய்தான் வருகின்றது. குளிர்ந்த இயந்திரத்துக்குப் பெற்றோல் அதிகமாக ஊட்டப்படுகின்றது. அதில் ஒரு பகுதி எரியாமற் கீழிறங்குகின்றது. அத்துடன் நீரும் சேர்கின்றது. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாகப் பிறக்கின்றது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். பெரும்பகுதி புகைக்குழாயால் வெளியேறிவிடும். வளையங்களைத் தாண்டி உள்ளே கசியும் சிறு பகுதி, இயந்திரம் நன்கு சூடேறினால் மட்டுமே ஆவியாகி அகலும். இல்லையேல் ஒயிலிலேயே தங்கிவிடும். ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதன் உட்புறத்தைப் பாருங்கள். மோர் போன்ற வெளிர்ந்த பசை படிந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. வாரத்துக்கு ஒருமுறையாவது அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டுவதும், மீற்றர் என்ன சொன்னாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஒயிலை மாற்றுவதுமே பரிகாரம். பசை தொடர்ந்து வந்தால், தண்ணீரால் குளிரூட்டப்படும் இயந்திரமாயின், கசிவு உண்டா என்று பார்ப்பிக்க வேண்டும்.

ஒயில் கறுத்துவிட்டதே என்று பதறுவோருக்கும் ஒரு வார்த்தை. கரியைத் தன்னுள் தாங்கி வைத்திருப்பது ஒயிலின் கடமை. கறுப்பு நிறம் மட்டும் கேடன்று. பெற்றோல் மணமும், விரலிற் பிடிக்காத நீர்த்தன்மையும், பொடிமினுக்கம் போன்ற உலோகத் துகளுமே கவனிக்கத் தக்கவை. மலிவாகக் கிடைக்கின்றதென்று காருக்குரிய ஒயிலை ஊற்றுவதும் தவறு. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்சும் அதே ஒயிலிலேயே தோய்ந்திருப்பதால் அது வழுக்கத் தொடங்கலாம். அத்தகைய வண்டிக்கு 'ஜாசோ எம்ஏ' என்று குறிக்கப்பட்ட ஒயிலையே கேட்டு வாங்குக.

இனி, எவ்வித முன்னறிவிப்பும் தராத பாகங்கள். ஸ்கூட்டரின் பின்சில்லை இயக்கும் ரப்பர்ப் பட்டி மூடிக்குள் மறைந்திருப்பது. அறுந்த பின்னரே தெரியும். இதற்கு மட்டும் கையேட்டின் எண்ணை அப்படியே நம்ப வேண்டும். பிறேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். டொட்-4 வகைத் திரவம் புதிதாக இருக்கையில் 230 பாகைக்குக் குறையாமற் கொதிக்க வேண்டும். ஈரம் சேர்ந்தபின் அந்த எல்லை 155 பாகையாகக் குறைகின்றது. அப்போது பள்ளமான வீதியில் தொடர்ந்து பிறேக் பிடித்தால் லீவர் கைப்பிடியோடு ஒட்டிப்போகக்கூடும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளில் மாற்றிவிடுவது நல்லது. ரயரின் வயதை அதன் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்கள் சொல்லும்: 2319 எனில் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது.

அரசாங்கப் பரிசோதனையிற் சித்தியடைந்துவிட்டது, ஆகவே சேர்விஸ் வேண்டாம் என்று கருதுவோர் பலர். பிரித்தானியாவில் மூன்றாண்டு கழிந்த மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டுதோறும் எம்.ஓ.ரி. பரிசோதனை உண்டு. ஜேர்மனியில் இரண்டாண்டுக்கு ஒருமுறை. பிரான்சில் 2024 ஏப்ரல் 15 முதல் இருசில்லு வண்டிகளும் பரிசோதனைக்குட்பட்டன. ஐந்தாவது ஆண்டிலும் அதன்பின் மூன்றாண்டுக்கொரு தடவையும் காட்ட வேண்டும். இப்பரிசோதகர்கள் பிறேக், ரயர், விளக்கு, புகை ஆகியவற்றைப் பார்ப்பர். இயந்திரத்து ஒயிலின் வயதை எவரும் கேட்கமாட்டார்.

சேர்விஸ் பின்போடப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் அறியாமையன்று, பணமே. வாடகை, ஏஜென்சிக்குப் பட்ட கடன், ஊருக்கு அனுப்ப வேண்டியது என்று எல்லாம் போனபின் வண்டியின் முறை அடுத்த மாதத்துக்குத் தள்ளப்படுகின்றது. கையில் உள்ளது ஒன்றுக்கே போதுமெனில் பிறேக்கும் ரயரும் முதலில், ஒயில் அடுத்தது, மற்றவை பொறுக்கும். ஒயிலைப் பிந்தினால் இயந்திரம் போகும். பிறேக்கைப் பிந்தினால் ஆளே போய்விடலாம். ஒயிலை நீங்களே மாற்றினால் கராஜ்காரருக்குக் கொடுக்கும் கூலி மிஞ்சும். பழைய ஒயிலை வடிகாலில் ஊற்றாது மாநகரசபையின் சேகரிப்பு நிலையத்திற் கொடுக்க வேண்டும்.

கைமாறிய வண்டியை வாங்குவோருக்குச் சேர்விஸ் புத்தகம் கிடைப்பது அரிது. விற்பவர் சொல்லும் தேதியை நம்பாது, ஒயில், வடிகட்டி, பிறேக் திரவம், ஸ்கூட்டராயின் பட்டி ஆகியவற்றை வாங்கிய வாரத்திலேயே மாற்றி, அன்றைய தேதியையும் மீற்றர் எண்ணையும் ஒரு துண்டிலெழுதி ஆசனத்தின் கீழ் ஒட்டிவிடுங்கள். தொழிலுக்கு ஓட்டுபவராயின் நாளொன்றுக்கு எத்தனை மணித்தியாலம் இயந்திரம் ஓடுகின்றது என்பதையும் அதே துண்டிற் குறித்துக்கொள்ளலாம்.