கப்பல் கட்டணம்: பணத்தை மாற்றுவது யார்?

ஊர் சுற்றுவதில் கொல்கத்தாக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. தீகா, பூரி, டார்ஜிலிங் என்று இருந்த பூஜை விடுமுறைப் பட்டியலில் இப்போது சிங்கப்பூரிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பலும் சேர்ந்துவிட்டது. லேக் மார்க்கெட் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. கொல்கத்தா துறைமுகம் ஆற்றுத் துறைமுகம். அதனால் கடல் கப்பலில் ஏற விரும்புகிறவர்கள் சிங்கப்பூருக்கோ சென்னைக்கோ மும்பைக்கோ போய்த்தான் ஏற வேண்டும். பணம் கட்டும்போது எல்லோருக்கும் வரும் சந்தேகம் ஒன்றே: ரூபாயில் கட்டுவது நல்லதா, டாலரில் கட்டுவது நல்லதா? ரூபாய் நம் பணம், அதில் ஏமாற வாய்ப்பில்லை என்று பலர் நினைக்கிறார்கள். இந்த நம்பிக்கை பாதிதான் சரி. வெளிநாட்டுக் கப்பலுக்குப் போகும் பணம் எங்கோ ஓரிடத்தில் அன்னியச் செலாவணியாக மாறித்தான் ஆக வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்வது யார், என்ன விலைக்கு, அந்த விலை எழுத்தில் இருக்கிறதா என்பவைதான் பயணி கேட்க வேண்டியவை.

முதலில் உள்ளூர் ஏஜென்ட். இந்தியாவில் வசிக்கும் ஒருவர், அதே ஊர் ஏஜென்ட்டுக்கு டாலர் நோட்டாகக் கொடுப்பது சட்டப்படி சரியல்ல. 1999ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்றவர்களிடம் மட்டுமே அன்னியச் செலாவணியில் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஏஜென்ட்டிடம் ரூபாயில்தான் கட்ட வேண்டும். ஆனால் அவர் சொல்லும் ரூபாய் விலை இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்று, முடிவான விலை. மற்றது, டாலரில் விலை போட்டு, பணம் கட்டும் நாளின் மாற்று விகிதப்படி வாங்கும் ரூபாய். பில்லில் ‘ஆர்.ஓ.இ.’ என்று சின்னதாக இருப்பது இந்த மாற்று விகிதம்தான். அதில் டாலருக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று கூட்டி வைப்பதும் உண்டு. முன்பணம் ஒரு மாதத்திலும் மீதி பல மாதம் கழித்தும் கட்டும் வியாபாரத்தில் இந்த வேறுபாடு பெரியது. 2025 தொடக்கத்தில் 86 ரூபாயை ஒட்டி இருந்த டாலர், அந்த ஆண்டு டிசம்பரில் 90ஐத் தாண்டியது. 2,000 டாலர் பாக்கி வைத்திருந்தவருக்கு இதனால் மட்டும் 8,000 ரூபாய் கூடுதல் செலவு. இது ஏஜென்ட்டின் குற்றமல்ல. ஆனால் ஏற்றத்தின் சுமை யாருடையது என்று முன்பணம் வாங்கும்போதே எழுதிக் கொடுக்காதது அவருடைய குற்றம்தான். விகிதம் எந்த நாளுடையது, எந்த வங்கியுடையது, அதற்கு மேல் எவ்வளவு என்ற மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

இங்கேதான் டிசிஎஸ் என்ற வரிப்பிடித்தம் குறுக்கே வருகிறது. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை விற்பவர், விலைக்கு மேல் இந்த வரியையும் வசூலித்து அரசுக்குக் கட்ட வேண்டும் என்ற விதி 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. விகிதம் பலமுறை மாறியிருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்று இருந்தது. 2026ஆம் ஆண்டு பட்ஜெட்டில் இதை 2 சதவீதமாகக் குறைப்பதாக நிதியமைச்சர் அறிவித்தார். இந்த வரியைத் தவிர்க்க, ‘ரொக்கமாகக் கொடுத்தால் பில் வேண்டாம், வரியும் வேண்டாம்’ என்ற பேச்சுக்குச் சிலர் தலையாட்டுகிறார்கள். அது சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது. டிசிஎஸ் செலவே அல்ல. உங்கள் பான் எண்ணில் வரவாகி, வருமான வரிக் கணக்கில் கழியும். கட்ட வேண்டிய வரி இல்லையென்றால் திரும்பியே வரும். பில் இல்லாத பணத்துக்கோ எந்த மன்றத்திலும் ஆதாரம் கிடையாது. தவிர, ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது.

அடுத்தது கார்டு. பெரிய இழப்பு நடக்கும் இடம் இதுதான், பலருக்கும் தெரியாமல் நடக்கும் இடமும் இதுதான். சிங்கப்பூர்க் கடையிலோ, வெளிநாட்டுக் கப்பல் நிறுவனத்தின் இணையதளத்திலோ இந்தியக் கார்டைப் போட்டதும் திரையில் இரண்டு தொகைகள் வரும். ஒன்று அந்த நாட்டு நாணயத்தில், மற்றது இந்திய ரூபாயில். ரூபாய்த் தொகையைத் தொட்டால், பணத்தை மாற்றுவது உங்கள் வங்கி அல்ல; அந்தக் கடைக்காரருக்கு மெஷின் கொடுத்த நிறுவனம். அது வைக்கும் விகிதத்தில் அதன் லாபமும் கடைக்காரரின் பங்கும் சேர்ந்திருக்கும். கணக்குக்கு ஒரு டாலர் 85 ரூபாய் என்றும் பில் 1,000 டாலர் என்றும் வைத்துக்கொள்வோம். டாலரைத் தேர்ந்தெடுத்தால் 85,000 ரூபாய். பல இந்தியக் கார்டுகளில் உள்ள 3.5 சதவீதக் கூடுதல் கட்டணம் 2,975. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 535. ஆக 88,510 ரூபாய். மெஷின் நிறுவனம் 6 சதவீதம் ஏற்றியிருக்கிறது என்று கொண்டால், ரூபாயைத் தேர்ந்தெடுப்பவருக்கு 90,100 ரூபாய். ‘ரூபாய்’ என்று பதிவானதால் வங்கி எதுவும் பிடிக்காது என்று நினைத்தால் அதுவும் தவறு. வெளிநாட்டில் பதிவான கடையில் நடந்த ரூபாய்ப் பரிவர்த்தனைக்கும் சில வங்கிகள் ஒரு சதவீதம் பிடிக்கின்றன. அது 901, அதற்கு ஜிஎஸ்டி 162. மொத்தம் 91,163 ரூபாய். திரையில் ஒரு தொடுதலுக்கு 2,650 ரூபாய் போகிறது. கூடுதல் கட்டணமே இல்லாத கார்டு வைத்திருப்பவருக்கு இழப்பு 6,000 ரூபாயைத் தாண்டும்.

‘வங்கியும்தான் 4 சதவீதம் பிடிக்கிறது, மெஷின்காரர் குறைவாக வாங்கினால்?’ என்று கேட்பது நியாயம். மேலே சொன்ன கார்டில், மெஷினின் ஏற்றம் 3 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் ரூபாயே மலிவு. அப்படி அமைவது அரிது என்றாலும், பார்த்து முடிவெடுப்பதில் தவறில்லை. அதற்கு அன்றைய சந்தை விகிதம் தெரிந்திருக்க வேண்டும். ‘எவ்வளவு போகும் என்று அங்கேயே தெரிந்துவிடுகிறதே, அந்த நிம்மதிக்கு விலை இல்லையா?’ என்பது இன்னொரு வாதம். அலுவலகத்தில் செலவுக் கணக்குக் காட்ட வேண்டியவருக்கு அது பொருந்தலாம். சொந்தப் பணத்தில் போகிற குடும்பத்துக்கு அந்த நிம்மதியை செல்போனில் ஒரு பெருக்கலே கொடுத்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இயற்றிய விதி, இந்த ஏற்றம் ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்று பணம் கட்டுவதற்கு முன்பே காட்டச் சொன்னது. மறைவாக இருந்தால் மக்கள் ஏமாறுவார்கள் என்று கண்டதால்தான் அந்த விதி வந்தது.

கப்பலுக்குள் தனிக் கவனம் தேவை. அங்கே பெரும்பாலும் ரொக்கம் செல்லாது. ஏறும்போதே கார்டைப் பதிவு செய்வார்கள். காபி, இணைய இணைப்பு, கரையோரச் சுற்றுலா, பல கப்பல்களில் நாளுக்கு இவ்வளவு என்று தானாகச் சேரும் பணியாளர் அன்பளிப்பு எல்லாம் ஒரே கணக்கில் ஏறும். கணக்கை உங்கள் ஊர் நாணயத்துக்கு மாற்றிக்கொள்ளும் ஒப்புதல், சில கப்பல்களில் அந்தப் பதிவுப் படிவத்துக்குள்ளேயே இருக்கிறது. வேண்டாம் என்று வரவேற்பு மேசையில் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கடைசி இரவு பில் வந்த பிறகு சொன்னால் சிரமம். அன்னிய நாணயத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஃபாரக்ஸ் கார்டு கொண்டுபோகிறவர்களுக்கும் ஒரு சொல்: கப்பலின் கணக்கு எந்த நாணயத்தில் என்று கேட்டு அதையே ஏற்றுங்கள். சிங்கப்பூரில் புறப்படும் கப்பல்களிலேயே சிலவற்றின் கணக்கு அமெரிக்க டாலரில், சிலவற்றினுடையது சிங்கப்பூர் டாலரில். மாறிப் போனால் பல கார்டுகள் மறுபடி 3 சதவீதத்தை ஒட்டிப் பிடிக்கும். கரையில் செலவழிக்கக் கொல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட், சடர் ஸ்ட்ரீட் பக்கம் நோட்டு மாற்றிக்கொள்கிறவர்கள், கடையில் ரிசர்வ் வங்கி உரிமம் மாட்டியிருக்கிறதா என்று பார்த்து, ரசீதோடு மாற்ற வேண்டும்.

தவறு நடந்துவிட்டால் வழி இருக்கிறது. நாணயத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பயணியுடையது என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதியும். கேட்காமலே ரூபாயில் போட்டுவிட்டால் அந்த இடத்திலேயே ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். மறுத்தால் சீட்டில் ‘தேர்வு தரப்படவில்லை’ என்று எழுதிப் படம் எடுத்துக்கொண்டு, ஊர் திரும்பியதும் தாமதிக்காமல் உங்கள் வங்கியில் எழுத்தில் புகார் செய்யுங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம், உதவிக்கு 14448. ஏஜென்ட்டின் மீதான வழக்குக்கு அவர் அலுவலகம் இருக்கும் ஊருக்குப் போக வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்துப் பாருங்கள். கொல்கத்தாவிலிருந்து அழைத்தாலும் தமிழிலேயே பேசலாம்.