அந்த அறிவுரை எந்த இயந்திரத்துக்கு?

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது நம் முன்னோர் வாக்கு. தமிழ்ப்பள்ளியில் படித்த நாள்களில் இப்பழமொழியை எத்தனையோ கட்டுரைகளில் முடிவுரையாக எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதன் பொருள் உண்மையாகவே எனக்கு விளங்கியது, ஒரு பழைய மகிழுந்தின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற ஒரு சனிக்கிழமை மாலையில்தான்.

என் பெரியம்மாவின் மகன், சில ஆண்டுகள் தொழிற்சாலையில் மிகுதிநேர வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு பழைய மஸ்டா ஆர்.எக்ஸ்.8 வாங்கினார். ‘இனிஷியல் டி’ பார்த்து வளர்ந்த தலைமுறைக்குச் சுழல் இயந்திரம் என்றாலே ஒரு மயக்கம் உண்டு. அண்ணனும் அதற்கு விலக்கல்லர். வாங்கிய சில மாதங்களிலேயே ஒரு கவலை வந்தது. ‘மின்யாக் ஹித்தாம்’ என்று நாம் சொல்லும் இயந்திர எண்ணெய் குறைந்துகொண்டே வந்தது. சூடான இயந்திரத்தை நிறுத்திவிட்டு மீண்டும் முடுக்கினால் உடனே உயிர் பெறவுமில்லை.

எங்கள் தாமானில் எல்லார் வாகனங்களையும் பழுது பார்ப்பவர் ஒரு மாமா. அப்பாவின் நெடுநாளைய நண்பர். அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “காடி எண்ணெய் குடிக்குதுன்னா இஞ்சின் தேஞ்சிபோச்சின்னு அர்த்தம்யா. இதோ, இந்தச் சின்னக் குழாய் வழியாத்தான் எண்ணெய் உள்ள போவுது. இத அடச்சிடுவோம். பின்னால பைப்பப் பெருசாக்கி, கேட்டலிட்டிக்கக் கழட்டிட்டா காடி பறக்கும். அப்புறம் ஒரு டர்போ போட்டுக்கலாம்.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் இயந்திரவியல் மூன்றாமாண்டு மாணவன். “ஆமாண்ணே, இஞ்சினுக்குள்ள எண்ணெய் எரியவே கூடாது,” என்று பெரிய மனிதனைப் போல் தலையாட்டினேன். சுழல் இயந்திரத்தைப் பற்றி அதுவரை ஒரு விரிவுரைகூடக் கேட்டதில்லை என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை வேலையைத் தொடங்கலாம் என்று முடிவாயிற்று.

சுழலும் முக்கோணம்

அன்றிரவு மனம் உறுத்தவே, அந்த மகிழுந்தின் பராமரிப்புக் கையேட்டைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க வியர்த்தது.

நாம் நாள்தோறும் காணும் வாகனங்களில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. சுழல் இயந்திரத்தில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. பக்கங்கள் சற்றே புடைத்த முக்கோண வடிவச் சுழலி ஒன்று, இடுப்பு குறுகிய முட்டை வடிவ உறைக்குள் சுழல்கிறது. சுழலியின் மூன்று பக்கங்களுக்கும் உறைக்கும் இடையே மூன்று அறைகள். ஒவ்வோர் அறையும் சுற்றி வரும்போதே காற்றையும் எரிபொருளையும் இழுத்து, அமுக்கி, எரித்து, புகையை வெளியேற்றிவிடுகிறது. சுழலி ஒரு சுற்றுச் சுற்றினால் நடுத்தண்டு மூன்று சுற்றுச் சுற்றும். ஆர்.எக்ஸ்.8 இல் இப்படி இரண்டு சுழலிகள். ஒவ்வொன்றும் 654 சி.சி.; மொத்தம் 1308 சி.சி.

இந்த அமைப்பின் உயிர்நாடி, முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் பொருத்தப்பட்டிருக்கும் முனைச் சீல்கள். மெல்லிய பட்டை போன்ற இவைதாம் ஓர் அறையின் அழுத்தம் அடுத்த அறைக்குக் கசியாமல் காக்கின்றன. உறையின் சுவரை உரசிக்கொண்டே ஓடுவதால் இவற்றுக்கு எப்போதும் எண்ணெய்ப் படலம் தேவை. அதற்காகவே ஒரு சிறிய பம்பு, இயந்திர எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக எரியறைக்குள் செலுத்துகிறது. அந்த எண்ணெய் எரிந்துதான் தீரும், குறைந்துதான் தீரும்.

நாங்கள் அடைக்கவிருந்தது அந்தக் குழாயைத்தான்!

சீல்களின் வரலாறும் சுவையானது. ஜெர்மானியரான பெலிக்ஸ் வாங்கெலின் இயந்திரம், என்.எஸ்.யு. நிறுவனத்தில் 1957இல் முதன்முதலாக ஓடியது. 1961இல் மஸ்டா அதற்கான உரிமம் பெற்றது. தொடக்ககால இயந்திரங்களில் முனைச் சீல்கள் அதிர்ந்து அதிர்ந்து உறையின் சுவரில் வரி வரியாகக் கீறல் போட்டன. ‘சாத்தானின் நகக்கீறல்’ என்று ஜப்பானியப் பொறியாளர்கள் அதற்குப் பெயரிட்டனர். கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பேர் கொண்ட குழு அதனுடன் போராடி, அலுமினியம் கலந்த கரிமச் சீல்களைப் பயன்படுத்தி, 1967இல் காஸ்மோ ஸ்போர்ட்டை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1991இல் நான்கு சுழலிகள் கொண்ட 787பி, லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றது. ஆர்.எக்ஸ்.8 உற்பத்தி 2012இல் நின்றாலும், 2023இல் எம்.எக்ஸ்.30 காரில் மின்சாரம் உற்பத்தி செய்யும் பணிக்குச் சுழல் இயந்திரம் மீண்டும் வந்தது.

பொய்யல்ல, இடம் மாறிய உண்மை

மாமா சொன்னவை பொய்யா என்றால், இல்லை. பிஸ்டன் இயந்திரம் எண்ணெய் குடித்தால், வளையமோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம் என்பது சரியான கணிப்பு. பல ஆண்டு அனுபவம் தந்த அறிவு அது. அந்த அறிவு பிறந்த இடம் வேறு, நாங்கள் கொண்டுபோய்ப் பொருத்திய இடம் வேறு. சிக்கலெல்லாம் அங்கேதான்.

புகைக்குழாய் அறிவுரையும் அப்படித்தான். தடை குறைந்தால் இயந்திரம் எளிதாக மூச்சு விடும் என்பது உண்மை. ஆனால், இரட்டை டர்போ கொண்ட ஆர்.எக்ஸ்.7 இன் கடைசித் தலைமுறையில், புகை வழித்தடைகளை எல்லாம் நீக்கினால் டர்போவின் அழுத்தம் கட்டுக்கு மீறி ஏறிவிடக்கூடும். அந்த அளவு காற்றுக்கு ஏற்ற எரிபொருளை இயந்திரத்தின் கணினி தராவிட்டால், கலவை தானாகவே வெடித்துச் சிதறும் ‘நாக்கிங்’ ஏற்படும். பிஸ்டன் இயந்திரம் ஓரளவு தாங்கும் அந்த அடியைச் சுழல் இயந்திரத்தின் முனைச் சீல் தாங்காது. உடைந்த துண்டு உறையைக் கிழித்து, புகையோடு வெளியேறி, டர்போவின் இறக்கைகளையும் பதம் பார்த்துவிடும்.

ஆர்.எக்ஸ்.8 பிறவியிலேயே டர்போ இல்லாதது. அதில் டர்போ பொருத்துவதென்றால் எரிபொருள், தீப்பொறி நேரம், குளிரூட்டல் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றியமைக்க வேண்டும். அதற்கும் முன், இருக்கும் சீல்கள் நலமாக உள்ளனவா என்று தெரிய வேண்டும்.

மாமாவிடம் எப்படிச் சொல்வது?

நண்பர்களே, இயந்திரத்தைப் புரிந்துகொண்டது எளிது. மாமாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே ஸ்பேனர் பிடித்தவர் அவர். எங்கள் வீட்டில் கையில் காசில்லாத மாதங்களில் கடனுக்கு வண்டி பார்த்துக் கொடுத்தவர். “நீங்கள் சொன்னது தவறு” என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை. சொல்லாமல் விட்டால் அண்ணனின் உழைப்பு புகையாகிவிடும்.

அந்தச் சனிக்கிழமை, தே தாரே பொட்டலங்களை வாங்கிக்கொண்டு முன்னதாகவே போனேன். முதலில் என் தவற்றைச் சொன்னேன். “மாமா, அன்னிக்கு நான் தெரியாமத் தலையாட்டிட்டேன். ஒரு சந்தேகம் கேக்கலாமா? இந்தக் குழாய அடச்சிட்டா அபெக்ஸ் சீலுக்கு எண்ணெய் எங்கேருந்து வரும்?”

“அது என்னாய்யா அபெக்ஸ் சீலு?” என்றார்.

விரிவுரை மண்டபத்து ஆங்கிலம் அங்கே உதவவில்லை. தாளில் முக்கோணத்தை வரைந்தேன். உராய்வு, அழுத்தம், வெப்பம் என்று தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் படித்த சொற்கள்தாம் கைகொடுத்தன. தமிழில் விளக்க முயன்றபோதுதான் எனக்கே எது புரிந்திருக்கிறது, எது புரியவில்லை என்பது தெரிந்தது. இரண்டு இடங்களில் திக்கி, கையேட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டேன்.

மாமா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்படின்னா நம்ம பழைய ஆர்.எக்ஸ்.இசட் மோட்டார் மாதிரின்னு சொல்லு! டூ-டி எண்ணெய் ஊத்தாம ஓட்டுனா பிஸ்டன் புடிச்சிக்கும். எண்ணெய் எரிஞ்சாத்தான் அது உயிரோட இருக்கும்,” என்றார்.

நான் ஓர் இரவு முழுதும் படித்துப் புரிந்துகொண்டதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். யமஹாவின் அந்த இருவீச்சு மோட்டார் சைக்கிளும் எண்ணெயை எரித்தே வாழ்ந்தது. மாமாவிடம் சரியான அறிவு முன்பே இருந்தது. எந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பதற்குத்தான் ஒரு கேள்வி தேவைப்பட்டது.

மறைந்து நின்ற மூன்றாமவன்

குழாய் தப்பியது. அடுத்து, இயந்திரத்தின் அமுக்கத்தை அளந்து பார்க்கலாம் என்று மாமா தம் கருவியைப் பொருத்தினார். முள் நன்றாகவே ஏறி நின்றது. “நல்லாத்தானே இருக்கு!” என்று அண்ணன் மகிழ்ந்தார்.

இங்கேயும் அதே இடறல். சாதாரணக் கருவி, தான் கண்ட மிக உயர்ந்த அழுத்தத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். பிஸ்டன் இயந்திரத்தில் ஒரு துளைக்கு ஓர் அறை, அது போதும். சுழல் இயந்திரத்தில் ஒரே துளையை மூன்று அறைகள் அடுத்தடுத்துக் கடக்கின்றன. குடும்பத்தில் மூன்று பிள்ளைகள். ஒருவன் நன்றாகச் சம்பாதித்தால் வீட்டு வருமானம் நல்லதென்று கணக்கு எழுதுவதைப் போன்றது இது. மற்ற இருவர் படுத்த படுக்கையாகக் கிடந்தாலும் தெரியாது. மூன்று அறைகளையும் தனித்தனியே அளக்கும் கருவி வேண்டும்.

இம்முறை நான் வாய் திறப்பதற்குள் மாமாவே படத்தைப் பார்த்துவிட்டு, “என் மீட்டர் இதுக்கு ஒத்து வராது. அந்தக் கருவி வச்சிருக்கற கடைக்குக் கொண்டு போங்க,” என்றார். எழுபது கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒரு பட்டறைக்கு அவரும் எங்களுடன் வந்தார்.

பின்பக்கச் சுழலியின் மூன்று அறைகளில் ஒன்று, மற்ற இரண்டைவிட மிகத் தாழ்ந்திருந்தது. சூட்டில் முடுக்கச் சிரமப்பட்டதற்குக் காரணம் அதுவே. டர்போவுக்கென்று வைத்திருந்த பணம் இயந்திரத்தைப் பிரித்துச் சீல் மாற்றுவதற்குச் சென்றது. அண்ணனுக்கு வருத்தம்தான். ஆனால் தளர்ந்த சீலின் மேல் டர்போவை ஏற்றியிருந்தால் பணமும் போயிருக்கும், இயந்திரமும் போயிருக்கும், மாமாவோடு இருந்த உறவும் போயிருக்கும்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

இந்த அனுபவத்திலிருந்து மூன்று கேள்விகளைக் குறித்து வைத்திருக்கிறேன். ஒன்று: இந்த அறிவுரை எந்த இயந்திரத்தில் கண்ட அனுபவம்? இரண்டு: நீக்கச் சொல்லும் உறுப்பு எதற்காக அங்கே வைக்கப்பட்டது? மூன்று: ‘நன்றாக இருக்கிறது’ என்று எந்த அளவுகோலைக் கொண்டு சொல்கிறோம்? மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை ஸ்பேனரை எடுக்க வேண்டாம்.

தவறான அறிவுரை தருபவர் பெரும்பாலும் நம்மீது அன்பு கொண்டவராகவே இருப்பார். அவரை மறுத்துத் தோற்கடிப்பதால் பயனில்லை. அவருடைய அனுபவம் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை அவரோடு சேர்ந்து விசாரிப்பதே அறிவுடைமை. அதற்கும் முன், தெரியாத ஒன்றுக்குத் தலையாட்டும் பழக்கத்தை நாம் விட வேண்டும். அன்று எங்கள் தாமானில் மிகவும் தவறான அறிவுரை தந்தவர் மாமா அல்லர். அவர் தாம் அறிந்ததைச் சொன்னார். அறியாததை அறிந்ததுபோல் ஆமோதித்தவன் நான்.

ஆர்.எக்ஸ்.8 இப்போது ஓடுகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாமாவே எண்ணெய் அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றுகிறார். குறைந்திருப்பதைக் கண்டால், “நல்லாக் குடிக்குதுய்யா!” என்று சிரிக்கிறார்.