விடுமுறையில் வெளிவேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு

கம்பஸிலும் கல்வியியற் கல்லூரியிலும் படிக்கிற எமது தோட்டத்துப் பிள்ளைகள் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்ததும், "நாலு வாரம் சும்மா இருக்கிறதா? ஏதாவது வேலைக்குப் போகட்டுமா?" என்று கேட்கிறார்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும் இதைத்தான் கேட்கிறார்கள்.

தாராளமாகப் போகலாம். புத்தகக் காசுக்கும் பஸ் காசுக்கும் உதவும். ஆனால், "மூணு மாசத்துக்குத்தான்" என்று கொழும்புக் கடைக்குப் போய், கையில் காசு புழங்கியதும் படிப்பை விட்டவர்கள் எத்தனை பேர் என்பது ஒவ்வொரு லயத்துக்கும் தெரியும். ஆகவே வீட்டிலிருந்து போய்வரக்கூடிய வேலையை முதலில் தேடுவோம்.

எங்கே, எப்போது கேட்பது?

நுவரெலியாவில் ஏப்ரல் மாதம் 'சீசன்'. குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிறகரி வாவி என்று சனம் கூடும். கடை, வாகனத் தரிப்பிடம், பூந்தோட்டம், படகுத்துறை எல்லாவற்றுக்கும் ஆள் தேவைப்படும். சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாதத்து வெசாக் போயாவுடன் முடியும். அந்த மாதங்களில் நல்லதண்ணிப் பாதையில் கடைகளுக்கு ஆள் வேண்டும். கண்டி ஹந்தானையிலிருந்து ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல் போகும் 'பீக்கோ டிரெயில்' நடைபாதையும் பழைய தோட்டப் பாதைகள் வழியாகத்தான் போகிறது. அதையொட்டிய விடுதிகளிலும் கேட்டுப் பார்க்கலாம்.

சீசன் தொடங்கிய பிறகு போய் நின்றால், "ஆள் எடுத்தாச்சு தம்பி" என்பார்கள். ஏப்ரல் வேலைக்குப் பெப்ரவரியிலேயே நேரில் போய்க் கேளுங்கள். தமிழும் சிங்களமும் பேசத் தெரியும், கொஞ்சம் இங்கிலீசும் வரும் என்பதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். வெளிநாட்டார் வரும் இடத்தில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் 'கைட்' என்று சொல்லிக்கொண்டு சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப் போக சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதில் விருப்பமுள்ளவர்கள் முறையாகப் பயிற்சி பெற்று வாங்கட்டும்.

என்ன கேட்பது?

தோட்டத்தில் பேர் விழுந்தால் செக்ரோலில் இருக்கும். வெளியில் செக்ரோல் கிடையாது. ஆகவே வேலையில் சேருமுன் வாய்விட்டுக் கேளுங்கள்: "முதலாளி, ஒரு நாளைக்கு எவ்வளவு? எத்தனை மணிக்கு விடுவீங்க? மழைக்கு வேலை நின்னா சம்பளம் உண்டா? சாப்பாட்டுக்குக் காசு பிடிப்பீங்களா?" பதிலைத் துண்டில் எழுதிக் கையெழுத்து வாங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் ஒரு கொப்பியில் ஒவ்வொரு நாளும் போன நேரம், வந்த நேரம், வாங்கிய காசு மூன்றையும் நீங்களே எழுதுங்கள். பின்னால் தகராறு வந்தால் அந்தக் கொப்பிதான் பேசும்.

தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் 2016-இல் வந்தது. 2025-இல் திருத்தப்பட்டபடி, 2026 ஜனவரி முதல் நாட்சம்பளம் 1,200 ரூபாவுக்குக் குறையக் கூடாது. ஊழியர் சேமலாப நிதி தற்காலிக ஆளுக்கும் உரியது: தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். "நீ கொஞ்ச நாள் ஆள்தானே" என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. சம்பளம் தராவிட்டால் கொப்பியோடு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள்.

அடையாள அட்டையின் பிரதியைக் கொடுக்கலாம். மூல அட்டையை யாரிடமும் விட்டு வைக்காதீர்கள். வேலை எடுத்துத் தருவதாக முன்பணம் கேட்கும் தரகரையும் நம்ப வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

2021-இல் சட்டம் மாறியது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது. 18 வயதுக்குள் ஆபத்தான வேலையும் கூடாது. அண்ணன் போகிறான் என்று தம்பியையும் கூட அனுப்பாதீர்கள்.

மார்ச், ஏப்ரலில் பின்னேரம் இடி மின்னல் அதிகம். வெட்டவெளியிலும் தனி மரத்தடியிலும் நிற்காமல் கட்டடத்துக்குள் போகச் சொல்லுங்கள். படகில் ஏறினால் உயிர்காப்பு அங்கி கட்டாயம். குளவிக்கூடு கண்ட இடத்தில் கல்லெறியும் விளையாட்டு வேண்டாம்.

கடைசியாக ஒன்று. வேலை தொடங்கும் நாளிலேயே, எந்தத் திகதியில் நிற்பது என்பதையும் முதலாளியிடம் சொல்லிவிடுங்கள். "இன்னும் ஒரு மாசம் இரு, கூட்டித் தாறேன்" என்று அவர் கேட்கக்கூடும். அவருக்கு வேறு ஆள் கிடைக்கும். பிள்ளைக்குக் கம்பஸ் இடம் இரண்டாம் முறை கிடைப்பது லேசல்ல. அந்தத் திகதியைக் கலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அது தெரிந்திருக்கட்டும்.